ஐ.பி. மனுவில் எழுதாமல் விட்டவை

திண்டுக்கல் கடைவீதியில் ஒருவர் ஐ.பி., அதாவது திவால் மனு, கொடுத்துவிட்டார் என்று செய்தி பரவினால், "எவ்வளவு கடனாம்?" என்று கேட்பவர் குறைவு. "எவ்வளவை ஒதுக்கிட்டு மஞ்சக் கடுதாசி நீட்டினான்?" என்ற கேள்விதான் முதலில் வரும். கொடுத்தவர் உண்மையாகவே நொடித்துப் போனவராக இருக்கலாம். சரக்கு அழுகியிருக்கலாம், வெளியூர் வியாபாரி பணம் தராமல் இழுத்தடித்திருக்கலாம், வீட்டில் பெரிய ஆபரேஷன் செலவு வந்திருக்கலாம். ஊர் அதையெல்லாம் விசாரிப்பதில்லை. வீடு எப்போது மனைவி பேருக்கு மாறியது, மச்சானுக்குத் திடீரென்று கார் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்றுதான் கணக்குப் போடுகிறது. இந்தச் சந்தேகத்துக்காக ஊரைக் குறைசொல்ல முடியாது. மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டுக் கோர்ட் படியேறியவர்கள் பல தலைமுறையாகச் சேர்த்து வைத்த கெட்ட பெயர் அது. அதன் சுமையை இன்று தூக்குகிறவரோ எதையும் மறைக்காத, நிஜமாகவே கையில் ஒன்றுமில்லாத கடனாளி. திவால் மனுவில் சொத்தையும் கடனையும் ஒன்றுவிடாமல் எழுதுவது கடன் கொடுத்தவருக்குச் செய்யும் உபகாரம் என்றே பொதுவாக நினைக்கிறோம். கடனாளிக்கே அதுதான் முதல் பாதுகாப்பு என்பது என் வாதம். எழுதியதைச் சரிபார்த்து, உண்மையாக எழுதியவரைக் கடனிலிருந்து விடுவிக்கிற வேலையை நம் நீதிமன்றங்கள் பாதியிலேயே விட்டுவிடுகின்றன என்பது அதன் மறுபாதி.

சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டில் தனிநபர் நொடித்துப் போனால் இன்றும் கைகொடுப்பது 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். 2016ல் வந்த திவால் சட்டத்தைப் பற்றி நாளிதழ்களில் நிறையப் படிக்கிறோம். ஆனால் அதில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில் நடத்திய கம்பெனிக்கு ஜாமீன் நின்றவர் சென்னையில் உள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் புதிய சட்டத்தின் கீழ் நிற்கிறார். வெங்காயப் பேட்டையில் கமிஷன் மண்டி வைத்திருந்தவரும், பூட்டுப் பட்டறை நடத்தியவரும், சின்னாளபட்டியில் தறிக்கு நூல் வாங்கிக் கடன்பட்டவரும் நூறாண்டு தாண்டிய பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சப் கோர்ட்டுக்கு வருகிறார்கள். அந்தச் சட்டத்தின் 10வது பிரிவுப்படி, கடனைத் திருப்பிக் கட்ட முடியாத நிலையில் 500 ரூபாய் கடன் இருந்தாலே ஒருவர் மனுப்போடலாம். டிக்ரி கடனுக்காகக் கைதானவரும், சொத்து ஜப்திக்கு வந்தவரும்கூடப் போடலாம். அடுத்து 13வது பிரிவு இரண்டு பட்டியல்களைக் கேட்கிறது. ஒன்றில் எல்லாக் கடன்களும், கடன் கொடுத்தவர்களின் பெயரும் ஊரும். மற்றொன்றில் எல்லாச் சொத்துகளும், அவற்றின் மதிப்பும், அவை இருக்கும் இடமும். அவற்றைக் கோர்ட்டின் பொறுப்பில் விடச் சம்மதம் என்று ஓர் உறுதிமொழியும் தர வேண்டும். மனு ஏற்கப்பட்டதும் கணக்குப் புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 22வது பிரிவு. இந்தச் சட்டம் முழுவதும் அந்த இரண்டு பட்டியல்களின் மேல்தான் நிற்கிறது.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டால், கடனிலிருந்து விடுவிப்பு என்ற ஏற்பாடே இந்த நிபந்தனையோடு பிறந்ததுதான் என்று வரலாறு காட்டுகிறது. 1705ல், ஆன் ராணியின் காலத்தில், இங்கிலாந்தில் வந்த சட்டம்தான் முதன்முதலாக நொடித்த வியாபாரிக்கு, ஒத்துழைத்துச் சொத்தையெல்லாம் ஒப்படைத்தால் மிச்சக் கடனிலிருந்து விடுதலை என்று சொன்னது. மோசடியாக மறைத்தால் மரண தண்டனை என்று சொன்னதும் அதே சட்டம்தான். ஜான் பெரட் என்ற லண்டன் வியாபாரி சொத்தை மறைத்ததற்காக 1761ல் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கொடூரத்தை இன்று யாரும் ஏற்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கொடுக்கல் வாங்கலின் அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை: நீ உள்ளதை உள்ளபடி காட்டு, நாங்கள் உன்னை மறுபடி வாழ விடுகிறோம். தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் 1906 அக்டோபர் 22 அன்று வந்தது. சென்னையின் மிகப் பெரிய வெள்ளைக்கார வணிக நிறுவனங்களில் ஒன்றான அர்பத்நாட் கம்பெனி அன்று நொடிப்பு மனுப் போட்டது. ஓய்வூதியக்காரர்கள், ஜமீன்தார்கள், விதவைகள், கோயில்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே பணம் போட்டிருந்தார்கள். மனுவுக்குப் பிறகு கணக்கைப் புரட்டியபோதுதான், நிறுவனம் வெகுகாலமாகவே உள்ளே காலியாக இருந்ததும், அது தெரிந்தே புதிய டெபாசிட்டுகள் வாங்கப்பட்டு வந்ததும் வெளிப்பட்டன. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்ற வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று தொடங்கியதுதான் 1907ல் பிறந்த இந்தியன் வங்கி. சென்னையை அன்று கொதிக்க வைத்தது வெறும் நஷ்டம் இல்லை, நஷ்டத்தை மறைத்த காலம்தான். வியாபாரத்தில் நஷ்டம் வருவது சகஜம் என்று எல்லாருக்கும் தெரியும்.

இப்போது திண்டுக்கல்லுக்கு வருவோம். ஒரு கமிஷன் மண்டிக்காரரின் மனுவில் சொத்துப் பட்டியல் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். சமையல் பாத்திரம், கட்டில், பீரோ, பழைய டூவீலர், மண்டித் தராசு என்று நாலைந்து வரிகளில் முடிந்துவிடுகிற பட்டியல்தான் பெரும்பாலும் கண்ணில் படும். அதில் இல்லாதவை எவை என்று யோசித்தால், பட்டியல் அதைவிட நீளும். குடியிருக்கும் வீடு ஒத்திக்கு எடுத்தது என்றால், வீட்டுக்காரரிடம் உள்ள ஒத்திப் பணம் ஒரு சொத்து. மண்டிக் கட்டடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் ஒரு சொத்து. அடகுக் கடையில் இருக்கும் நகையின் ரசீதும் சொத்துதான். தங்கம் விற்கிற விலைக்கு, நாலு வருஷம் முன்பு வைத்த நகையை மீட்டு விற்றால் கடன் போக நல்ல தொகை மிஞ்சும். ஏலச்சீட்டில் கட்டிக்கொண்டிருந்து இன்னும் எடுக்காத பணம், கேரளாவுக்கு அனுப்பிய சரக்கில் வர வேண்டிய நிலுவை, அப்பா பேரில் இருக்கும் பாகம் பிரிக்காத தோட்டத்தில் தன் பங்கு, எல்.ஐ.சி. பாலிசி, தம்பிக்குக் கைமாற்றாகக் கொடுத்த தொகை எல்லாமே சொத்துதான். இவற்றை விட்டவர் எல்லாரும் கள்ளத்தனமாக விட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒத்திப் பணத்தைச் சொத்து என்று பலர் நினைப்பதே இல்லை. மனு எழுதும் குமாஸ்தா கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த ஒத்திப் பத்திரத்தை எடுத்து நீட்டும்போது, அதுவரை இவர் சொன்ன உண்மைகளும் சேர்ந்து பொய்யாகிப் போகின்றன. மறந்து விட்டதற்கும் மறைத்து விட்டதற்கும் வேறுபாடு காட்ட அப்போது இவரிடம் எதுவும் இருக்காது. எல்லாவற்றையும் முதலிலேயே எழுதியவருக்கு இந்த இக்கட்டு வருவதில்லை.

கடன் பட்டியலிலும் இதே கதைதான், அங்கே பாதிப்பு இன்னும் ஆழம். மண்டிக்காரருக்குக் கடன் கொடுத்தவர்கள் வட்டிக்கு விட்டவர்கள் மட்டும் இல்லை. சின்ன வெங்காயத்தை மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டு, அடுத்த வாரம் பணம் தருகிறேன் என்ற சொல்லை நம்பி ஊருக்குத் திரும்பிய சம்சாரிகளும் அதில் உண்டு. அவர்கள் கையில் இருப்பது எடை எழுதிய துண்டுச்சீட்டு. ஒட்டன்சத்திரத்தில் காய் போட்டவருக்கும் நிலக்கோட்டையில் பூ போட்டவருக்கும் கணக்கு இப்படித்தான் நடக்கிறது. வங்கியிடம் அடமானம் இருக்கிறது. நொடிப்பு மனு அடமானக்காரரின் உரிமையைத் தொடாது. புரோநோட் வைத்திருப்பவர் எப்படியும் கோர்ட்டுக்கு வந்துவிடுவார். சம்சாரியின் பெயர் கடன் பட்டியலில் இல்லாவிட்டால் அவருக்கு நோட்டீஸ் போகாது, அவர் கடனை நிரூபிக்க வர மாட்டார், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சமும் பங்கிடப்படும்போது அவருக்கு எதுவும் சேராது. தெரிந்த பெயர்களை மட்டுமல்ல, நியாயமான முயற்சியில் தெரிந்துகொள்ளக்கூடிய பெயர்களையும் எழுத வேண்டும் என்கிறது சட்டம். மண்டி நோட்டைப் புரட்டினால் தெரியும் பெயர்கள் எல்லாம் அதில் அடக்கம். நாள்வழியும் பேரேடும் ஒழுங்காக எழுதிய வியாபாரிக்கு இது ஒருநாள் வேலை. மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கே வைக்காதவருக்கு முழு விடுவிப்பை மறுக்க வேண்டும் என்று 42வது பிரிவு சொல்வதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. இன்றைக்கு ஜிபேயில் வாங்கி ஜிபேயில் கொடுக்கிற வியாபாரத்தில், நோட்டு தொலைந்துவிட்டது என்ற சாக்குக்கும் அவ்வளவு மதிப்பில்லை. வங்கிக் கணக்கில் எல்லாம் பதிந்திருக்கிறது.

நம் ஊரில் சட்டமும் மனசாட்சியும் உண்மையிலேயே மோதுகிற இடம் ஒன்று உண்டு. கடை விழப்போகிறது என்று தெரிந்ததும், கையில் இருக்கும் கடைசி இரண்டு லட்சத்தை யாருக்குக் கொடுப்பது? தங்கை நகையைக் கழற்றிக் கொடுத்திருப்பாள். மாமனார் தோட்டத்தை அடகு வைத்து உதவியிருப்பார். அவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டு மீட்டர் வட்டிக்காரனுக்குப் பங்கு வைப்பதா என்று கேட்பவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் 54வது பிரிவு இதைத் தெளிவாகத் தடுக்கிறது. மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களில் ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை தரும் நோக்கத்தோடு கொடுத்தது செல்லாது. கடனாளியின் சொத்தைப் பொறுப்பேற்க கோர்ட் நியமிக்கும் ரிசீவர் அதைத் திரும்பக் கேட்கலாம். இது சரியா என்று யோசித்துப் பார்த்தேன், சரி என்றுதான் முடிவுக்கு வருகிறேன். தங்கையின் நகை எவ்வளவு உண்மையோ, துண்டுச்சீட்டு வைத்திருக்கும் சம்சாரியின் வெங்காயமும் அவ்வளவு உண்மை. அவருக்கும் ஒரு மகள் இருப்பாள், அவரும் விதைக்குக் கடன் வாங்கியிருப்பார். கடனாளியின் பாசம் சுற்றத்தைத் தாண்டி அவரை எட்டாது என்பதால்தான், பங்கிடும் அதிகாரத்தைக் கடனாளி கையில் விடாமல் ரிசீவர் கையில் கொடுத்திருக்கிறது சட்டம். தங்கைக்குச் செய்யக்கூடிய நேர்மையான உதவி, அவள் கொடுத்த நகையைக் கடன் பட்டியலில் அவள் பெயரில் எழுதி வைப்பதுதான். அப்படி எழுதினால் அவளும் தன் பங்கைக் கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் ரகசியமாகக் கொடுத்தால் அவள் கோர்ட்டில் எதிர்மனுதாரராக நிற்க வேண்டி வரும்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் குடும்பம் தெருவில் நிற்குமே என்பது அடுத்த மறுப்பு. இந்தப் பயம்தான் மறைப்பதற்கு முதல் காரணம், அதனால் இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். பட்டியலில் எழுதுவது வேறு, இழப்பது வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60வது பிரிவு எவற்றையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று சொல்கிறதோ, அவை நொடிப்பு மனுவிலும் கடனாளியிடமே இருக்கும். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் உழவுக் கருவியும் மாடும் விதையும், விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீடு, ஆயுள் காப்பீட்டுப் பணம் எல்லாம் அந்த வரிசையில் உண்டு. பூட்டுப் பட்டறைத் தொழிலாளியின் அரத்தையும் சுத்தியலையும் பிடுங்கிக்கொண்டு போக எந்த ரிசீவருக்கும் அதிகாரம் கிடையாது. இதைத் தெரியாமல்தான் பலர், மறைக்கவே தேவையில்லாத பொருளை மறைத்து, பாதுகாப்பாக இருந்த மனுவைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வியாபாரியின் வீடு இந்தப் பாதுகாப்பில் வராது, உண்மைதான். அதை மனைவி பேருக்குச் செட்டில்மென்ட் எழுதி வைப்பதுதான் ஊர் சொல்லிக்கொடுக்கும் உபாயம். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், நியாயமான விலை வாங்காமல் எழுதிய பத்திரத்தை 53வது பிரிவின்படி ரத்து செய்யலாம். இந்த உபாயத்தில் அதிகம் அடிபடுவது அந்த மனைவிதான். பிறந்த வீட்டில் போட்ட நகையும், அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய இடமும்கூட, கணவன் ஒளித்து வைத்தது என்ற சந்தேகத்துக்கு ஆளாகின்றன. தன் சொத்தை அவள் பேரில் மறைக்காத கணவன்தான் அவளுடைய சொத்தைக் காப்பாற்றுகிறான்.

கந்துவட்டிக்காரன் மட்டும் யோக்கியனா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கோபம் அது. வெற்றுப் புரோநோட்டிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, கொடுத்த 50,000த்துக்கு 5 லட்சம் என்று எழுதி வழக்குப் போடுவது தெற்கு மாவட்டங்களில் புதிய செய்தி இல்லை. தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று பெயர் சொல்லியே தடை செய்யும் சட்டம் 2003லிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டபோது அந்தச் சட்டத்தின் பலவீனத்தை நாடே பார்த்தது. ஆனால் இந்தக் கோபத்தால் அந்தக் கடனைப் பட்டியலில் விட்டுவிடுவது கடனாளிக்கே பாதகம். எழுதுவதால் ஒப்புக்கொண்டதாக ஆகாது. வாங்கியது இவ்வளவு, கட்டியது இவ்வளவு, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், இந்தத் தொகையை மறுக்கிறேன் என்று எழுதலாம்; எழுத வேண்டும். கடன் கொடுத்தேன் என்பவர் அதைக் கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். எந்தத் தேதியில், எந்த வழியில் பணம் கொடுத்தார், அது அவருடைய வருமான வரிக் கணக்கில் இருக்கிறதா என்ற கேள்விகளுக்குக் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. வாரம் தவறாமல் வாசலில் வந்து நின்று கத்துகிறவரை, கணக்குக் காட்டச் சொல்லி நிறுத்தும் வாய்ப்பு இந்த மனுவில் இருக்கிறது. கடனாளியின் கணக்கு சுத்தமாக இருந்தால்தான் எதிராளியின் கணக்கைக் கேட்க அவருக்கு வாய் வரும்.

பெரிய மனிதர்கள் மறைத்துவிட்டுச் சுகமாக இருக்கிறார்களே, சின்ன வியாபாரிக்கு மட்டும் ஏன் இந்த உபதேசம் என்பது கடைசி மறுப்பு. விஜய் மல்லையாவின் பெயர் உடனே வரும். அந்த வழக்கைக் கவனித்துப் பார்த்தால், அவர் இந்தியாவில் தண்டிக்கப்பட்டது எதற்காக என்பது தெரியும். சொத்து முழுவதையும் தெரிவிக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத்திடம், 4 கோடி டாலர் வந்ததைச் சொல்லாமல் பிள்ளைகளுக்கு மாற்றிவிட்டதற்காக, நீதிமன்ற அவமதிப்பு என்று 2017ல் தீர்ப்பு வந்தது. 2022 ஜூலையில் 4 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அவர் இங்கிலாந்தில் இருப்பதால் அந்தத் தண்டனையை அனுபவிக்கவில்லை. அந்தக் குறை நம் அனைவரையும் உறுத்துகிறது. அதே இங்கிலாந்தில் டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் 2017ல் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டார். ஜெர்மனியில் உள்ள வீட்டையும், ஒரு கம்பெனியின் பங்குகளையும், 8,25,000 யூரோ கடனையும் மறைத்தது உட்பட நான்கு குற்றங்களுக்காக 2022 ஏப்ரலில் இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்று உள்ளே போனார். கடன்பட்டதற்காக யாரும் அவரைச் சிறையில் தள்ளவில்லை. நம் உச்ச நீதிமன்றமும் 1980ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் இதே கோட்டைத்தான் போட்டது. கட்ட வழியில்லாத ஏழையை, அவரிடம் கெட்ட எண்ணம் இல்லாதபோது, கடனுக்காகச் சிறையில் அடைப்பது வாழ்வுரிமைக்கு எதிரானது என்று எழுதினார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர். வசதி இருந்தும் கட்டாதவருக்கும் சொத்தை ஒளித்தவருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. சின்ன வியாபாரிக்கு இதில் இருக்கும் லாபம் பெரியது: முழுப் பட்டியல்தான் அவருடைய நல்லெண்ணத்துக்கு எழுத்துபூர்வமான சாட்சி. வெளிநாட்டுக்கு விமானம் ஏற வழியில்லாதவருக்கு அதைவிடப் பெரிய கேடயம் கிடையாது.

இவ்வளவும் கடனாளி செய்ய வேண்டியது. இனி அரசும் நீதித்துறையும் செய்யாததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரின் சந்தேகத்துக்கு அங்கேயும் பாதிக் காரணம் இருக்கிறது. பிரிவி கவுன்சில் 1916லேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது: சட்டம் கேட்கும் நிபந்தனைகள் பூர்த்தியானால் நொடித்தவர் என்று அறிவிக்க வேண்டியதுதான், கடனாளியின் நடத்தை நல்லதா கெட்டதா என்பதை விடுவிப்புக் கேட்டு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு இது. உள்ளே வரும் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும். வெளியே போகும் கதவில்தான் சோதனை. ஆனால் நடைமுறையில் அந்த வெளிவாசலுக்கு வந்து சேர்பவர் மிகக் குறைவு. டிக்ரி வாங்கியவர் கைது வாரன்ட் கேட்டதும் ஐ.பி. போடுவது, பாதுகாப்பு உத்தரவு வாங்குவது, வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கிக் காலத்தைக் கடத்துவது என்பதோடு பல மனுக்கள் நின்றுவிடுகின்றன. விடுவிப்புக்கு இந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று 27வது பிரிவின்படி கோர்ட் நாள் குறிக்கிறது. அந்த நாளில் வராவிட்டால் நொடிப்பு அறிவிப்பையே ரத்து செய்ய வேண்டும் என்கிறது 43வது பிரிவு. வராமலே விட்டவருக்குச் சில வருஷம் அவகாசம் லாபம். பட்டியலை உண்மையாக எழுதியவரும் விடுவிப்பு வரை போகாமல் நின்றுவிடுகிறார், ஏனென்றால் அப்படி ஒரு கதவு இருப்பதையே அவருக்கு யாரும் சொல்வதில்லை. விடுவிக்கப்படாத நொடிப்பாளராகவே காலத்தை ஓட்டுகிறவர், தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே 72வது பிரிவின்படி குற்றம். மறைப்பவருக்கு ஓராண்டு வரை சிறை தரும் 69வது பிரிவு ஏட்டில் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துப் புகார் தர வேண்டிய பொறுப்பு கோர்ட்டுக்குத்தான். எடுக்காதபோது நேர்மையானவரும் மறைத்தவரும் ஒரே தட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

புதிய சட்டம் முழுமையாக வந்தால் தீரும் என்று சிலர் நம்புகிறார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழைக் கடனாளிக்கு 'புதிய தொடக்கம்' என்ற ஏற்பாடு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, சொத்து 20,000க்கு மேல் போகக் கூடாது, கடன் 35,000க்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு இருக்கக் கூடாது. மாதம் 5,000 ரூபாய் வருமானம் என்ற வரம்புக்குள் இன்று தறி நெய்பவர்கூட அடங்க மாட்டார். இந்தத் தொகைகளை உயர்த்தி, தனிநபர் பகுதியை எல்லாருக்கும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்க வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. சொத்துப் பட்டியலுக்கு ஒத்திப் பணம், கடை அட்வான்ஸ், அடகு ரசீது, ஏலச்சீட்டு, வர வேண்டிய நிலுவை, பாகம் பிரிக்காத பங்கு என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேட்கும் தமிழ்ப் படிவம் ஒன்றை உயர் நீதிமன்றம் தரலாம். பட்டியலோடு மூன்று ஆண்டு வங்கிக் கணக்கும், கடனாளியும் மனைவியும் இரண்டு ஆண்டுகளில் எழுதிய பத்திரங்களின் விவரமும் வர வேண்டும் என்று ரிசீவர் கேட்கலாம். பதிவுத்துறையின் ஆவணங்கள் இன்று கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, நொடித்தவருக்கு மனு எழுதித் தரும்போதே விடுவிப்பு மனுவுக்கான தேதியையும் அவர் கையில் எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தேதியில் ஆள் வராவிட்டால் 43வது பிரிவு தானாகப் பாய வேண்டும். வந்தால், கணக்கு சரியாக இருந்தால், வாய்தா இல்லாமல் விடுவிப்பு கிடைக்க வேண்டும். இரண்டையும் செய்யத் திண்டுக்கல் சப் கோர்ட்டுக்கு இருக்கிற சட்டமே போதும்.